எண்ணாமல் எழுதிய இருபது

அந்த சிஸ்டர் கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். வெள்ளை முகப்பு, கறுப்பு எண்கள், சிவப்பு விநாடி முள். நோயாளியின் நாடியைப் பார்த்து முடித்த பிறகும் கையை விடமாட்டார். பிடித்த கையை மெதுவாக மடக்கி நோயாளியின் மார்பின்மேல் வைப்பார். தன் விரல்களையும் அப்படியே மணிக்கட்டில் வைத்திருப்பார். இன்னும் நாடிதான் பார்க்கிறார் என்று படுத்திருப்பவர் நினைத்துக்கொள்வார். நாடி எப்போதோ முடிந்திருக்கும். மார்போடு சேர்ந்து அந்தக் கை ஏறி இறங்குவதை வைத்து சிஸ்டர் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். சிவப்பு முள் ஒரு முழுச் சுற்று வரும்வரை விரலை எடுக்கமாட்டார். இதை முதன்முதலாகக் கவனித்து, ஏன் இப்படி என்று நான் கேட்டபோது, "எண்ணுறாங்கன்னு தெரிஞ்சா மூச்சு பொய் சொல்லும் சார். அதனால நாம முந்திக்கிட்டு ஒரு பொய் சொல்லிடணும்" என்றார். அவர் வாழ்க்கையில் சொன்ன ஒரே பொய் அதுவாக இருக்கலாம். என்னுடையவற்றில் ஒன்றைத்தான் இங்கே எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மருத்துவம் படித்தவன் அல்ல. தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருந்த ஒரு தனியார் மருத்துவமனையில் ரெக்கார்டு பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் கட்டடத்துக்கு அதற்குப் பிறகு இரண்டு முறை பெயர் மாறிவிட்டது. நோயாளிகள் வீடு திரும்பியதும், அல்லது திரும்பாமல் போனதும், அவர்களுடைய கேஸ் ஷீட் என்னிடம் வரும். பக்கங்கள் வரிசையாக இருக்கின்றனவா, கையெழுத்து விடுபட்டிருக்கிறதா, தேதியும் நேரமும் சரியா என்று பார்த்து அடுக்குவது என் வேலை. எனக்கு அது வேலையாகத் தோன்றியதில்லை. பள்ளி நாளிலிருந்தே டைரி எழுதுகிறவன். ஊர் வரலாறு, கல்வெட்டு, செப்பேடு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படிப்பவன். எந்த வருடம் எந்த மாதம் மழை தவறியது, எந்தக் கிழமை எந்த ரயில் நின்றுபோனது என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆஸ்பத்திரியில் இது ஒரு கேலியாகவே இருந்தது. "ரெக்கார்டு சாரைக் கேளுங்க, நீங்க பொறந்த நேரத்தை உங்க அம்மாவை விட கரெக்டா சொல்வார்" என்பார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

விடுபட்ட கையெழுத்துகளை வாங்குவதற்காகக் காலையிலும் மதியமும் வார்டுக்குப் போவேன். பெண்கள் வார்டில் அந்த சிஸ்டர் இன்சார்ஜ். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது சிறியவர். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆராதனை முடிந்து நேராக டியூட்டிக்கு வந்துவிடுவார். அவர் ஒரு கட்டிலுக்குப் போகும் விதத்தைப் பல நாள் பார்த்திருக்கிறேன். முதலில் கட்டிலின் கால்மாட்டில் சும்மா நிற்பார். முகம் எப்படியிருக்கிறது, உதட்டின் நிறம் என்ன, எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருக்கிறார், காபி டம்ளர் காலியா அப்படியே இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு கேட்பார். தூக்கம் வந்ததா, எத்தனை தலையணை வைத்துப் படுத்தீர்கள், ஒன்றுக்கு எத்தனை தடவை போனீர்கள். அதற்குப் பிறகுதான் தொடுவார். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்திவிட்டு எடுத்து, குழி விழுகிறதா என்று குனிந்து பார்ப்பார். நகத்தை அழுத்தி, வெளுத்த இடத்துக்கு ரத்தம் எவ்வளவு நேரத்தில் திரும்புகிறது என்று பார்ப்பார். கடைசியில் காய்ச்சல், பிரஷர், நாடி, பிறகு அந்தக் கள்ள மூச்சு எண்ணிக்கை. இளம் நர்ஸ்கள் அவருக்கு 'மூச்சு சிஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் ஒரு கட்டிலை முடிப்பதற்குள் அவர்கள் நான்கை முடித்துவிடுவார்கள். "சிஸ்டர் பொண்ணு பாக்க வந்த மாதிரி ஒவ்வொருத்தரையும் பாக்குறாங்க" என்று ஒருத்தி சொல்ல, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது நினைவிருக்கிறது. அவர் காதில் விழுந்தது. திரும்பிப் பார்க்காமல், "ஆமா, பிடிச்சிருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவேன்" என்றார்.

பல ஆண்டுகள் கேஸ் ஷீட் அடுக்கியவன் என்ற முறையில் ஒன்று சொல்ல முடியும். மூச்சுக்கான கட்டத்தில் எல்லோருக்கும் இருபது. தொண்ணூறு வயதுக் கிழவருக்கும் இருபது, மூட்டு உடைந்த கல்லூரி மாணவனுக்கும் இருபது, நுரையீரலில் நீர் கோத்தவருக்கும் இருபது. காய்ச்சலைக் கருவி காட்டும், பிரஷரையும் நாடியையும் கருவி காட்டும், விரலில் கிளிப் மாட்டினால் ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்றும் காட்டும். மூச்சுக்குத்தான் ஒரு மனுஷி நின்று ஒரு நிமிடம் பார்க்க வேண்டும். பதினெட்டுக் கட்டிலுக்கு ஒரு நர்ஸ் என்றால் அந்தப் பதினெட்டு நிமிடம் எங்கிருந்து வரும்? இருபது வரை இயல்பான மூச்சு என்பதால், இருபது என்று போட்டால் எந்த டாக்டரும் ஏன் என்று கேட்பதில்லை. ஒருமுறை, நாலு பத்துக்கு உயிர் பிரிந்தது என்று டாக்டர் எழுதியிருந்த தாளிலேயே நாலரை மணிக் கட்டத்தில் இருபது இருந்தது. நான் அதிர்ச்சி அடையவில்லை. தாளை வார்டுக்குத் திருப்பி அனுப்பி, அந்த எண்ணை அடித்துவிட்டுப் பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னேன். என் அக்கறை தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதோடு முடிந்தது. அந்த மருத்துவமனையில் இருபது அல்லாத எண்களை நான் அதிகம் பார்த்தது இந்த சிஸ்டர் எழுதிய தாள்களில்தான்.

ஐப்பசி மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தில், திங்கட்கிழமை, கேளம்பாக்கத்துக்குக் கிழக்கே கடலோரக் குப்பத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து சேர்ந்தார். மீன் விற்பவர். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மீன் கூடையின் உடைந்த விளிம்பு கெண்டைக்காலைக் கிழித்து, மழைத்தண்ணீரிலேயே நாலு நாள் நடந்து, கால் வீங்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நான் அந்த வார்டில் ஒரு டிஸ்சார்ஜ் தாளுக்காகக் காத்திருந்தபோது சிஸ்டர் அவருடைய கையை மார்பின்மேல் வைத்துப் பிடித்திருந்தார். அந்த அம்மாள் பார்த்தார், பொறுத்தார், பிறகு கேட்டுவிட்டார்.

"இன்னா சிஸ்டரு, கையப் புட்ச்சா வுடவே மாட்டன்ற. ஜோசியமா பாக்குற?"

"ஆமாங்கா. ஆயுசு பாக்குறேன். கொஞ்சம் பேசாம இருங்க."

"கெட்டி ஆயுசுன்னு எய்திக்கோ. நாலு நாளு வூட்ல குந்தினா மீனு நாறிப்பூடும்."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தார். ஆனால் மேசைக்கு வந்து பேனாவை எடுத்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை. காலை எட்டு மணிக் கட்டத்தில் இருபத்துநாலு என்றும் பத்து மணிக் கட்டத்தில் இருபத்தெட்டு என்றும் இருந்ததை நான் பார்த்தேன். டியூட்டி டாக்டருக்குப் போன் செய்தார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. மதியம் ஒன்றரைக்கு நான் திரும்பிப் போனபோது மூன்றாவது அழைப்பு நடந்துகொண்டிருந்தது. கட்டத்தில் முப்பத்திரண்டு ஏறியிருந்தது. டாக்டர் வரவில்லை. சிஸ்டர் போனை வைத்துவிட்டு, தாளைப் புரட்டினார். அப்போதிருந்த படிவத்தில் முன்பக்கம் கட்டங்கள், பின்பக்கம் நர்ஸ் குறிப்பு. அவர் நேரத்தைப் போட்டு, டாக்டர் சொன்ன வார்த்தைகளை அப்படியே எழுதினார். பிறகு என்னைப் பார்த்து, எழுதியதை வாசித்தும் காட்டினார். "காய்ச்சல் இல்ல, பிரஷர் நார்மல், ஆக்சிஜன் சாச்சுரேஷன் தொண்ணூத்தாறு. மூச்சை மட்டும் வெச்சு நான் என்ன பண்ண முடியும்?" பேனாவை மூடியபடி சொன்னார்: "உடம்பு முதல்ல மூச்சுலதான் சார் சொல்லும். மத்ததெல்லாம் அப்புறம்தான் ஒத்துக்கும்."

மாலையில் மற்றதெல்லாம் ஒத்துக்கொண்டது. பிரஷர் விழுந்தது, தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். காலில் இருந்த விஷம் ரத்தம் முழுதும் பரவிவிட்டது என்றார்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குள் அந்த அம்மாள் இறந்துபோனார். அவருடைய மகன் என் அறை வாசலில் வந்து நின்றான். இறப்புச் சான்றுக்கான விவரம் கேட்டேன். "நேத்து எல்லாரையும் சிரிக்க வெச்சிகினு இருந்துச்சு சார். இன்னா ஆச்சுன்னு யாராவது ஒர்த்தர் சொல்லுங்க" என்றான். நான் அவனிடம் அம்மாவின் வயதைச் சரியாகச் சொல்லும்படி கேட்டேன்.

மகன் எழுத்தில் புகார் கொடுத்தான். வெள்ளிக்கிழமை நிர்வாக அதிகாரி அந்தக் கேஸ் ஷீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கோப்பு வெளியே போகும்போது பதிவேட்டில் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். அவரிடம் வாங்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை அது திரும்பி வந்தது. வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டினேன். செவ்வாய்க்கிழமைத் தாள் வேறாக இருந்தது. விடியற்காலை ஷிப்டில் இருபது, இருபது. சிஸ்டரின் ஷிப்டில் எட்டு, பத்து, பன்னிரண்டு, ஒன்றரை மணிக் கட்டங்கள் காலி. பின்பக்கம் குறிப்பு எதுவும் இல்லை. காலை முழுக்க நோயாளியை யாரும் பார்க்கவில்லை என்றுதான் யார் படித்தாலும் நினைப்பார்கள். பொய்யாக ஒரு எண்கூட அவர் பெயரில் எழுதவில்லை. எழுதாமல் விட்டே அவரைக் குற்றவாளியாக்கியிருந்தார்கள்.

தாளின் அடியில் ஆறு முகங்கள் அச்சாகியிருந்தன. வட்டமான முகங்கள்; இடதுகோடியில் இருப்பது சிரிக்கும், வலதுகோடியில் இருப்பது அழும். வலி எவ்வளவு என்று நோயாளி எந்த முகத்தையாவது தொட்டுக் காட்ட வேண்டும் என்பதற்காகப் புதிய படிவத்தில் சேர்த்தது. திங்கட்கிழமைத் தாளில் அந்த முகங்கள் இல்லை. குரோம்பேட்டை அச்சகத்திலிருந்து புதிய படிவக் கட்டுகள் வந்து இறங்கியது வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கட்டைப் பிரித்து எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்கியவன் நான். அந்த அம்மாள் இறந்ததற்கு மறுநாள். இறந்தவர் செவ்வாய்க்கிழமை படுத்திருந்ததைப் பற்றிய தாள், அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு படிவத்தில் எழுதப்பட்டிருந்தது. போலிச் செப்பேடுகளை அறிஞர்கள் கண்டுபிடிக்கும் விதத்தைப் பற்றி நான் ஆசையாகப் படித்திருக்கிறேன். முந்தைய அரசனின் பெயரில் பிந்தைய காலத்து எழுத்து வடிவம் இருக்கும். அந்த ஒன்றே போதும். அப்படி ஒன்று என் மேசைக்கே வந்துவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபமோ பயமோ இல்லை. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சின்ன மகிழ்ச்சி. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் நடந்தது.

விசாரணைக்கு முந்தின நாள் நிர்வாக அதிகாரி என் அறைக்கு வந்து உட்கார்ந்தார். அப்படி வருகிற வழக்கம் இல்லை. மழையைப் பற்றிப் பேசினார். எழுந்து போகும்போது, "உங்க பொண்ணு லேப்ல செட்டில் ஆயிட்டாளா சார்? இன்னும் கன்ஃபர்ம் ஆகல இல்ல?" என்று கேட்டார். என் மகள் அந்த ஜூனில்தான் அங்கே லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்திருந்தாள். கேட்டுவிட்டு என் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

விசாரணையில் மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இந்தப் பக்கம் சிஸ்டர், சற்றுத் தள்ளி நான். கோப்பை எடுத்துக் கொடுத்தேன். இதுதான் ரெக்கார்டுக்கு வந்த கோப்பா என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். சிஸ்டரிடம் தாளைக் காட்டினார்கள். அவர் முன்பக்கத்தைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், மறுபடியும் முன்பக்கத்துக்கு வந்தார். இது தான் எழுதிய தாள் இல்லை என்றார். நிர்வாக அதிகாரி, எழுதவே இல்லையே சிஸ்டர், அதுதானே பிரச்சினை என்றார். சிஸ்டரின் விரல் அந்த ஆறு முகங்களின்மேல் நின்றது. அவர் கெட்டிக்காரர். திங்கட்கிழமைத் தாளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டார். புதிய படிவம் அந்த வாரத்தில்தான் வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். எந்தக் கிழமை என்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். அவர் என் பக்கம் திரும்பினார். குரலில் கெஞ்சல் இல்லை. கட்டிலருகே தூக்கம் வந்ததா என்று கேட்கும் அதே குரல்.

"சார், இந்த ஃபார்ம் என்னைக்கு வந்துச்சு?"

அந்த மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஞாபகம் இல்ல சிஸ்டர்" என்றேன்.

ஆஸ்பத்திரி முழுக்கக் கேலி செய்த என் ஞாபகம். அறையில் யாரும் சிரிக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் நின்று பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு கோப்பை மூடி, விளிம்புகளைத் தட்டிச் சரிசெய்து, என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

நோயாளியைக் கண்காணிப்பதில் கவனக்குறைவு என்று சொல்லி அந்த வாரமே அவரை நீக்கினார்கள். இளம் நர்ஸ்கள் இரண்டு நாள் சுருங்கிய முகத்தோடு இருந்தார்கள். பிறகு வார்டு வேகமாக நடந்தது. என் மகளுக்கு வேலை நிரந்தரமானது. புகார் கொடுத்த மகனுக்கு, பொறுப்பான ஊழியர் மீது நடவடிக்கை எடுக்கப்பட்டது என்று கடிதம் போயிற்று. அதன் நகலை நான்தான் கோப்பில் சேர்த்தேன். விசாரணை நடந்த அன்று மாலை, படிவப் பதிவேட்டில் அந்த வியாழக்கிழமைப் பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்து டைரிக்குள் வைத்தேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. ஆதாரத்தைக் காப்பாற்றுவது பழக்கம். டைரியில் அன்று நான் எழுதியிருப்பது இவ்வளவுதான்: "காலையில் நல்ல மழை. வண்டலூரில் சிக்னல் கோளாறு. ரயில் நாற்பது நிமிடம் தாமதம்." விசாரணையைப் பற்றி ஒரு வரி இல்லை. மற்றவர்களின் காலிக் கட்டத்தைத் திருப்பி அனுப்பியவன், என்னுடையதை அப்படியே விட்டுவிட்டேன்.

பிறகு நான் ஓய்வு பெற்றேன். திருநீர்மலை அடிவாரத்தில் இருக்கும் வீட்டில் பழைய புத்தகங்களோடு பொழுது போயிற்று. சென்ற ஆண்டு சித்திரையில், வெயில் இறங்கிய நேரத்தில், தாம்பரம் ரயில் நிலைய மேம்பாலப் படியில் ஏறிக்கொண்டிருந்தபோது எதிரே அவர் இறங்கி வந்தார். தலை நரைத்திருந்தது. கடிகாரம் அதே உட்புறத்தில். அவர்தான் முதலில் நின்று, நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டார். கேளம்பாக்கம் பக்கம் ஒரு அடுக்குமாடி வீட்டில், படுத்த படுக்கையாக இருக்கும் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறாராம். விசாரணைக்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரியும் எடுக்கவில்லை என்று சொன்னார். அதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை, விவரமாகச் சொன்னார். நான் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தேன். அந்த ஜெராக்ஸ் என்னிடம் இருக்கிறது, வியாழக்கிழமை, பதினொரு மணி, எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும் என்று ஏதேதோ சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. கண் என் முகத்தில் இல்லை, சட்டைப் பொத்தான்களின்மேல் இருந்தது. கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தேன்.

நான் முடித்ததும் சொன்னார். "நின்னு பேசும்போதே இருபத்தெட்டு இருக்கு சார். கால் வீங்குதா? போய் ஹார்ட் பாருங்க." மன்னித்தேன் என்றோ மன்னிக்கவில்லை என்றோ சொல்லாமல், ரயில் வந்துவிட்டது என்று படியிறங்கிப் போய்விட்டார்.

நான் அவ்வளவு நேரமும் பாவமன்னிப்புக் கேட்டதாக நினைத்திருந்தேன். அவர் அவ்வளவு நேரமும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். எண்ணுகிறார் என்று எனக்குத் தெரியாததால் அந்த எண் சரியாக இருந்தது. மூன்று வாரம் தள்ளிப்போட்டுவிட்டு, மகள் வற்புறுத்தியபின் போனேன். அவள் இப்போது அதே லேபுக்கு இன்சார்ஜ். இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் சேர்கிறது என்றார்கள். அதற்குப் பிறகு இது மூன்றாவது முறையாக ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறேன். ஜி.எஸ்.டி. சாலையில், வேறு ஆஸ்பத்திரி. இதையெல்லாம் இந்தக் கட்டிலில் இருந்துதான் எழுதுகிறேன்.

இன்று காலை ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயது இருக்கும், கண்ணில் தூக்கம். விரலில் கிளிப் மாட்டினாள், கையில் பிரஷர் பட்டையைச் சுற்றினாள், நெற்றிக்கு நேரே கருவியைக் காட்டினாள், எழுதினாள். என் கட்டிலருகே ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. தாளைத் தலைகீழாகப் படிப்பது எனக்குப் பழக்கம். இருபது.

"மூச்சை எண்ணவே இல்லையேம்மா" என்றேன்.

"எண்ணிட்டேன் அங்கிள்."

"எப்போ?"

"இவ்ளோ கேள்வி கேக்குறீங்கன்னா மூச்சு நல்லாத்தான் இருக்கு அங்கிள். இன்னும் பதினாலு பேர் இருக்காங்க." சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள். அவள்மேல் கோபப்பட எனக்கு என்ன தகுதி இருக்கிறது? என்னுடைய 'ஞாபகம் இல்ல' இருந்த இடத்தில்தான் அவளுடைய இருபதும் இருக்கிறது.

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். அதற்கும் சிவப்பு விநாடி முள்தான். அவள் போனபின் என் இடதுகையை மடக்கி மார்பின்மேல் வைத்துக்கொண்டேன். வலதுகை விரல்களால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். முள் பன்னிரண்டைத் தொட்டதும் எண்ணத் தொடங்கினேன். எண்ணுகிறவன் யார் என்று மூச்சுக்குத் தெரிந்துவிட்டது போலும். ஒழுங்காக, அடக்கமாக, அளந்து வைத்தது போல ஏறி இறங்கியது. சுற்று முடிந்தபோது இருபது வந்தது. நம்பாமல் இன்னொரு முறை எண்ணினேன்.

இருபது.